19 வெற்றி, 20 தோல்வி... இந்தியக் கால்பந்து அணியில் இருந்து ஸ்டிமாச் ஏன் தூக்கப்பட்டார்?

2023 ஜூலையில் இந்தியக் கால்பந்து அணி ஃபிஃபா தரவரிசையில் 99-வது இடம். முத்தரப்புத் தொடர், இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூருவில் குவைத்தை பெனால்டியில் வீழ்த்தி சாஃப் கோப்பை என ஒரே ஆண்டில் மூன்று பட்டங்கள். அக்டோபரில் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்த எட்டு மாதத்தில், 2024 ஜூன் 17 அன்று, அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். இடையில் என்னதான் நடந்தது?

யார் இந்த ஸ்டிமாச்?

1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர். பிறகு அந்த நாட்டுக்கே பயிற்சியாளராகவும் இருந்தவர். 2019 மே மாதம் இந்தியாவுக்கு வந்தார். குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் இந்தியச் சட்டை அணிந்ததும் இவர் காலத்தில்தான். மொத்தம் 53 போட்டிகள், 19 வெற்றி, 14 டிரா, 20 தோல்வி. ஐந்து வருஷத்துக்கு இது சுமாரான கணக்கு, அவ்வளவுதான்.

கோல் எங்கே?

2023 நவம்பரில் குவைத் மண்ணிலேயே 1-0 வெற்றி. அதுதான் அவருடைய கடைசி வெற்றி என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று போட்டியிலும் ஒரு கோல்கூட இல்லை. ஆஸ்திரேலியாவிடம் தோற்பதை யாரும் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. வெறுங்கையோடு திரும்பியதுதான் வலித்தது.

உண்மையான அடி மார்ச்சில் விழுந்தது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், தரவரிசையில் எவ்வளவோ பின்தங்கியிருந்த ஆப்கானிஸ்தானுடன் முதலில் 0-0. அடுத்து குவாஹாட்டியில், சொந்த மைதானத்தில், 1-2 தோல்வி. அது சுனில் சேத்ரியின் 150-வது சர்வதேசப் போட்டி. இந்தியாவின் ஒரே கோலையும் அவர்தான் பெனால்டியில் அடித்தார்.

கடைசிப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் அந்த இரவு எவ்வளவு கனமானது என்று புரியும். குவைத் 7 புள்ளியோடு மூன்றாம் சுற்றுக்குப் போனது. இந்தியா 5 புள்ளியோடு வீட்டுக்கு வந்தது. குவாஹாட்டியில் ஜெயித்திருந்தால் 8. கத்தாருக்கு எதிரான கடைசிப் போட்டியில் எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துக்கு கோல் கொடுக்கப்பட்டது அநியாயம்தான், ஆனா கதை அதற்கு முன்பே கை நழுவியிருந்தது.

2024-ல் அவர் தலைமையில் ஏழு போட்டி. இரண்டே கோல், அதில் ஒன்று பெனால்டி. வெற்றி பூஜ்யம்.

தப்பு அவருடையது மட்டுமா?

ஸ்டிமாச் பக்கம் தவறுகள் நிறைய. 39 வயது சேத்ரிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு ஐந்து ஆண்டில் அவரிடம் பதில் கிடைக்கவில்லை. சாஃப் கோப்பையில் இரண்டு முறை சிவப்பு அட்டை வாங்கினார். வீரர் தேர்வுக்கு ஜோதிடரிடம் யோசனை கேட்டார் என்ற செய்தி வேறு மானத்தை வாங்கியது. மூன்றாம் சுற்றுக்குப் போகாவிட்டால் விலகிவிடுவேன் என்றவர், விலகவும் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. தோவாளையில் மாணிக்கமாலை கட்டுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அரளியும் நொச்சி இலையும் கைக்கு வந்தால்தானே மாலை? ஐ.எஸ்.எல். கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்தில் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களை நிறுத்துகின்றன. வாரம் முழுக்க ஓரத்தில் ஓடும் இந்தியப் பையன், தேசிய அணிக்கு வந்ததும் நடுவில் நின்று கோல் அடிக்கணும் என்றால் எப்படி? ஆசியக் கோப்பைக்கு நீண்ட முகாம் வேண்டும் என்று ஸ்டிமாச் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐ.எஸ்.எல். டிசம்பர் கடைசி வரை நடந்தது, முதல் போட்டி ஜனவரி 13. 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இன்னும் மோசம். கிளப்புகள் வீரர்களை விட மறுத்ததில், கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு அவசரமாகச் சீனா போய் இறங்கி, முதல் போட்டியிலேயே 1-5.

நீக்கியது சரியா?

சரிதான். சொந்த மண்ணில் ஆப்கானிஸ்தானிடம் தோற்ற பிறகு எந்த நாட்டிலும் பயிற்சியாளர் தப்புவது கஷ்டம். சரியில்லாதது, எட்டு மாதம் முன்பு அந்த ஒப்பந்தத்தை நீட்டியது. இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்ததால் சம்பளத் தகராறு ஃபிஃபா வரை போகும் நிலை வந்து, கடைசியில் 4 லட்சம் டாலர் தர இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒப்புக்கொண்டது. நம்ம ஊர்க் கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல்.

அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ் எட்டுப் போட்டியில் ஒரே ஒரு வெற்றியோடு 2025 ஜூலையில் கிளம்பினார். அந்த ஒரு வெற்றியிலும், ஓய்வில் இருந்து திரும்பக் கூப்பிடப்பட்ட சேத்ரி ஒரு கோல் அடித்திருந்தார். பிறகு பொறுப்பேற்றவர் காலித் ஜமீல். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதும் 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அந்த மாதத் தரவரிசையில் இந்தியாவுக்கு 142-வது இடம்.