மொட்டை மாடியில் இறங்கும் வெயில்

சித்திரை பிறந்து இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 16 வாக்கில், மதுரையில் பகல் 12 மணி 17 நிமிடத்துக்கு வெட்டவெளியில் நின்றால் உங்கள் நிழல் காலடியை விட்டு விலகாது. மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. வடக்கு நோக்கிப் போகும் சூரியன் அன்று ஊரின் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் 27, 28 வரை நண்பகல் சூரியன் மதுரைக்கு வடக்கேதான் நிற்கும். திரும்புகிற வழியில் இன்னொரு முறை தலைக்கு மேலாகக் கடந்து போகும்.

வீடு கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நான்கரை மாதமும் நம் வீட்டின் தெற்குச் சுவரில் நண்பகல் வெயில் விழுவதே இல்லை. கிழக்குச் சுவர் காலையில் காய்கிறது, மேற்குச் சுவர் பிற்பகலில் காய்கிறது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மற்ற எதையும்விட அதிகமாக வெயிலை வாங்குவது கூரைதான். ஆனால் வெக்கை தாங்கவில்லை என்றதும் ஜன்னலுக்குத் திரை வாங்குகிறோம், ஏர் கூலர் வாங்குகிறோம், தவணையில் ஏசி வாங்குகிறோம். மாடிப்படி ஏறிக் கூரையைப் பார்க்கிறவர்கள் குறைவு.

கூரை வாங்கும் வெயில் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். மேகமில்லாத கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,000 வாட். அப்படியென்றால் அந்தச் சிறிய வீட்டின் தலையில் ஒரே நேரத்தில் 56 கிலோவாட் இறங்குகிறது. ஒரு டன் ஏசி என்பது ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கத் தேவையான வெப்பத்தை அறையிலிருந்து அகற்றும் இயந்திரம். வாட்டில் சொன்னால் சுமார் 3,500. ஒன்றரை டன் ஏசி அகற்றுவது சுமார் 5.3 கிலோவாட். பத்து ஏசி சேர்ந்து வெளியே தள்ளக்கூடிய வெப்பம் அந்தக் கூரையில் விழுந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கு அப்படியே திரும்பிப் போகிறது, பெரும்பங்கைக் காற்றும் வானமும் எடுத்துக்கொள்கின்றன, மிச்சம்தான் உள்ளே இறங்குகிறது. அந்த மிச்சமே நம் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது.

அது எப்படி இறங்குகிறது என்பதில்தான் மதுரை இரவின் புழுக்கத்துக்கு விடை இருக்கிறது. நம் ஊரில் கான்கிரீட் தளம் பெரும்பாலும் ஐந்து அங்குலத் தடிமன் இருக்கும். கான்கிரீட் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். அதோடு கனமான பொருள் என்பதால் நிறையச் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். ஆகவே மேல்பரப்பின் சூடு அடிப்பரப்புக்கு வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. மழையிலும் பாசியிலும் கறுத்துப்போன தளத்தின் மேல்பரப்பு பகலில் 60 டிகிரியைத் தாண்டும். வெளியே வெயில் தணிந்து, வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பி, குழந்தைகள் பாடம் படிக்க உட்காரும் நேரத்தில்தான் அந்தச் சூடு உள்கூரைக்கு வந்து சேர்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல்லைப்போல, அது நடுநிசி தாண்டியும் ஆறாது.

தெர்மாமீட்டர் 33 டிகிரி காட்டும்போதும் உடம்பு எரிவதற்குக் காரணமும் இதுதான். நம் உடம்பு காற்றோடு மட்டும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்வதில்லை. சுற்றியுள்ள சுவரோடும் கூரையோடும் கதிர்வீச்சு வழியாகவும் பரிமாறிக்கொள்கிறது. தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி. தலைக்கு மேலிருக்கும் கூரை 40 டிகிரி என்றால், படுத்திருப்பவர்மீது அது இரவெல்லாம் வெப்பத்தைப் பொழிகிறது. மின்விசிறியை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அந்தக் கதிர்வீச்சைத் தடுக்க முடியாது. கூரையை ஒட்டித் தங்கியிருக்கும் சூடான காற்றையும் அது சேர்த்துக் கீழே இறக்கிவிடும். ஃபேன் அனல் காற்றாக அடிக்கிறது என்று மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் சொல்வது முழுக்க உண்மை.

நம் முன்னோடிக் கொத்தனார்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். வெதரிங் கோர்ஸ், சுருக்கித் தளம் என்றெல்லாம் அழைக்கப்படும் வேலை இது. ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு என்று பொதுப்பணித் துறை இதற்கு அளவே வகுத்திருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். நீர் வடிய வாட்டம் கொடுப்பதற்கும் ஒழுகாமல் காப்பதற்கும் போட்ட தளம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செங்கல் ஜல்லியின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் விடாது என்பது அதன் இன்னொரு சிறப்பு.

இப்போது அந்த வேலையைப் பார்ப்பது அரிது. தட்டி இறுக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை மதுரையின் புறநகரில் எந்தத் தெருவில் நின்றும் கண்ணால் பார்க்கலாம். ஆனையூர், திருப்பாலை, வில்லாபுரம், அவனியாபுரம் என எங்கே போனாலும், வீடுகளின் உச்சியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். “மேல ஒரு மாடி எடுக்கப் போறோம்ணே, இப்ப எதுக்குத் தட்டோடு?” என்று வீட்டுக்காரர் கேட்டால் கொத்தனாரிடம் மறுமொழி இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் மகன் படிப்பு, மகள் கல்யாணம், மருத்துவச் செலவு என்று அந்த மாடி பத்து ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகிறது. பத்துக் கோடையும் அந்தக் குடும்பம் வெறும் கான்கிரீட்டுக்கு அடியில் வேகிறது. இந்த நீட்டிய கம்பிகள்தான் நம் ஊரில் வீட்டு மின்சாரச் சிக்கனத்துக்கு உள்ள மிகப் பெரிய தடை என்று நான் நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஏற்றது வெள்ளை. கறுத்த கான்கிரீட், விழும் சூரிய ஆற்றலில் முக்கால் பங்கை உறிஞ்சுகிறது. புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. உறிஞ்சிய கொஞ்சத்தையும் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கே உமிழ்ந்துவிடும். மேகமும் ஈரப்பதமும் குறைந்த இரவில் இது இன்னும் நன்றாக நடக்கும். அதற்கென்றே வரும் கூலிங் பெயிண்ட் வாங்க வசதியில்லாதவர்கள் சுண்ணாம்போடு வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து அடிக்கிறார்கள்; அதுவும் வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையும், மதுரைப் புழுதியில் மங்கும். ஆகவே பங்குனியில் தளத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். மாடி எழுப்பும் நாள் வந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

தகரக் கொட்டகையின் கதை வேறு. தகரம் மெல்லியது, சூட்டைச் சேர்த்து வைக்காது. வெயில் ஏறிய கணமே உள்ளே அனல் இறங்கும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறும். பளபளக்கும் தகரம் வெயிலை ஓரளவு திருப்பி அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் உறிஞ்சியதை வெளியே உமிழும் திறன் வெற்று உலோகத்துக்கு மிகக் குறைவு. அதனால் கைவைக்க முடியாதபடி கொதிக்கிறது. அதன்மேல் வெள்ளை பெயிண்ட் ஒரு பூச்சு ஏறினால் திருப்புவதும் கூடும், உமிழ்வதும் கூடும். கோடையில் தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பும் வழக்கமும் அறிவியல்படி சரியானதே. தீப்பொறிக்கு மட்டும் அஞ்ச வேண்டும். சூரிய மின்தகடு வைக்க வசதியுள்ளவர்களுக்கு அதன் நிழலும் கூலியில்லாமல் கிடைக்கும். ஒரு கிலோவாட் தகடு சுமார் நூறு சதுர அடியை மறைக்கும். தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோட இடம் விட்டிருக்க வேண்டும்.

கூரை ஆறிய பிறகுதான் கருவிகளைப் பற்றிப் பேச வேண்டும். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் முன்னது 72 யூனிட், பின்னது 29 யூனிட். மூன்று மின்விசிறி ஓடும் வீட்டில் சுமார் 130 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று ரீடிங் எடுக்க வரும் நாளை நினைத்துக் கவலைப்படும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை இல்லை.

ஏசி போட்ட அறையின் விதி மின்விசிறி அறையின் விதிக்கு நேர்மாறு. நம் பழைய படுக்கையறைகளில் ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கும். கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். மின்விசிறி அறைக்கு இவை உயிர்நாடி. அதே அறையில் ஏசியை மாட்டிவிட்டு இவற்றை அடைக்காமல் விட்டால், குளிர்ந்த காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். கதவடியில் ஒரு ரப்பர் பட்டை, வென்டிலேட்டருக்குத் திறந்து மூடும் பலகை, இரண்டும் ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. ஏசி மாட்ட வருகிறவர் இதைச் சொல்வதில்லை. அவர் வேலை மாட்டுவதோடு முடிகிறது.

இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். அமெரிக்காவில் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976-ல் ஏழைக் குடும்பங்களின் வீடுகளைக் குளிருக்கு ஏற்பச் சீர்செய்யும் அரசுத் திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொழிலாளி வீட்டுக்கே வருவார். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கில் காற்று கசிகிறது என்று அளப்பார். வெப்பப் படக் கருவியால் சுவரைப் பார்ப்பார். பிறகு இடுக்கை அடைத்து, பரணில் பஞ்சு நிரப்பிவிட்டுப் போவார். அது குளிர்நாட்டு வைத்தியம். நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வீட்டைச் சோதித்து, எது முதலில், எது பிறகு என்று சொல்லி, தன் கையாலேயே செய்து கொடுக்கும் ஒரு தொழில் அங்கே இருக்கிறது.

நம்மிடம் சட்டம் உண்டு. எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கென்று ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் போகக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் மூன்று மடங்கு விடும். வரைபட அனுமதிக்கு வரும் பெரிய குடியிருப்புகளை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. ஏற்கெனவே கட்டி, கம்பி நீட்டி நிற்கும் வீட்டின் படியை அது ஏறாது. ஏறக்கூடியவர்கள் கொத்தனாரும் பெயிண்டரும் எலக்ட்ரீசியனும்தான். தளத்தின் சூட்டைத் தொட்டறியும் அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் சில வாரப் பயிற்சியும், தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும் கொடுத்தால், மதுரையின் ஒவ்வொரு வார்டிலும் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பார்கள். மழைக்காலத்தில் ஒழுகலைப் பார்ப்பவர், மாசி, பங்குனியில் சூட்டைப் பார்க்கலாம்.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாதில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அந்த நகரம் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசுப் பள்ளிகளின் கூரைகளுக்கு வெப்பம் திருப்பும் பூச்சு அடிக்கும் பணியும் இங்கே தொடங்கியிருக்கிறது.

மீதமிருக்கும் சிக்கல் வாடகை வீடு. வெக்கையை அனுபவிப்பவரும் கரண்ட் பில் கட்டுபவரும் குடியிருப்பவர். கூரை வீட்டுக்காரருடையது. தன் பணத்தில் அடுத்தவர் மாடிக்குப் பூச்சு அடிக்கக் குடியிருப்பவருக்கு மனம் வராது. தான் தூங்காத அறைக்காகச் செலவழிக்க வீட்டுக்காரருக்கும் தோன்றாது. ஆனால் குடிபெயரும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பணமெல்லாம் உள்சுவருக்கே போகிறது. பெயிண்டர் வரும் அதே நாளில் இன்னும் ஒன்றிரண்டு வாளிச் சுண்ணாம்பும் அரை நாள் கூலியும் சேர்த்தால் மாடித் தளத்தையும் அடித்துவிடலாம். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே இதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.