வயலுக்கு எறிந்த யூரியா எங்கே போகிறது?

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது. நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஆனால், அதற்குப் பின்னர் யூரியாவின் விலை பன்மடங்கு ஏறியது. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறி, கடன்பட்டு வயல் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு மூடை யூரியா சிறிய விடயமல்ல. அந்த மூடையில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேருகிறது?

யூரியாவில் 46 வீதம் நைதரசன். நீர் கட்டிய வயலில், பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவான பங்கையே நெல் எடுக்கிறது. மிகுதியில் கொஞ்சம் மண்ணில் தங்க, ஏனையது காற்றோடும் நீரோடும் போகிறது. இந்தக் கணக்கில் பெரும்பங்கு வகிப்பவை மண்ணிலுள்ள நுண்ணங்கிகள். அவற்றின் போக்கைத் தீர்மானிப்பது மண்ணின் நிலை.

நீர் நிற்கும் வயலின் மண் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே சில மில்லிமீற்றருக்கு மட்டும் ஒட்சிசன் இருக்கும். அங்கே வாழும் பற்றீரியாக்களும், ஆர்க்கியா எனப்படும் வேறொரு வகை நுண்ணங்கிகளும் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அமோனியத்தைக் களிமண் பிடித்து வைத்திருக்கும். நைத்திரேற்றைப் பிடித்து வைக்காது. அது கீழிறங்கி, ஒட்சிசன் இல்லாத கறுத்த சேற்றை அடைகிறது. அங்குள்ள நுண்ணங்கிகள் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைக் கொண்டு சுவாசித்து, அதை வாயுவாக்கி விடுகின்றன. அந்த வாயுவில் ஒரு பகுதி, புவியை வெப்பமாக்கும் நைத்திரசு ஒட்சைட்டு.

வயல் காய்ந்து, மீண்டும் நனையும்போது இந்த இழப்புக் கூடும். காயும்போது மேலடுக்கு நுண்ணங்கிகள் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. நீர் வந்ததும் மற்றக் கூட்டம் அதை வாயுவாக்குகிறது. ஆகவே, இரணைமடு நீர் ஒழுங்காகப் பாயும் வயலும், மழையை மட்டும் நம்பிய யாழ்ப்பாணத்து வயலும் ஒரே யூரியாவுக்கு ஒரே பலனைத் தரா.

மண்ணின் தன்மையும் முக்கியம். அமில மண்ணில் பற்றீரியாக்கள் தளர, ஆர்க்கியாக்கள் முன்னுக்கு வருகின்றன. சுண்ணாம்பு கலந்த கார மண்ணில், அமோனியா நேரடியாகவே ஆவியாகிறது. பகலில் பாசி, நீரிலுள்ள காபனீரொட்சைட்டை எடுக்க, நீரின் காரத்தன்மை ஏறி இழப்பும் ஏறும். கடல்நீரேரியை அண்டிய உவர் வயல்களில் உப்பு நுண்ணங்கிகளையும் பயிரையும் ஒருசேரத் தளர்த்துகிறது.

சேதனப் பசளை ஏன் ஒரே போகத்தில் யூரியாவின் இடத்தை நிரப்பவில்லை என்பதும் இதில் விளங்கும். அதிலுள்ள நைதரசனை நுண்ணங்கிகள் சிதைத்துத்தான் பயிருக்குக் கொடுக்க வேண்டும். அவை தம் வேகத்திலேயே வேலை செய்யும். அதற்காக வைக்கோலை எரிப்பதும் சரியல்ல. அது மண்ணில் சேர்ந்தால் காலப்போக்கில் நுண்ணங்கிகளுக்கு உணவாகும். ஆனால், விதைப்புக்குச் சற்று முன்னர் பச்சையாக உழுதுவிட்டால், வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணங்கிகளே நைதரசனைப் பிடித்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும். இரண்டு, மூன்று வாரங்கள் முன்னதாக உழுவது நல்லது.

யூரியாவை ஒரேயடியாக எறியாமல், மட்டம் வெடிக்கும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் பிரித்து இட வேண்டும். நிறைந்த நீரில் எறிவதைவிட, நீரை வடித்து, ஈரச் சேற்றில் இட்டு, பின்னர் நீர் பாய்ச்சினால் இழப்புக் குறையும். வயலின் அமிலத்தன்மையையும் உவரையும் பரிசோதித்து, அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிவது, இன்னொரு மூடைக்குக் கடன் வாங்குவதைவிட இலாபம்.