துவர்க்கும் தழையும் வெள்ளாட்டுப் பாலும்

பீளமேட்டின் பழைய சந்துகளில் இன்றும் சில வீட்டு வாசல்களில் வெள்ளாடு கட்டியிருப்பதைக் காணலாம். தவிடும் புண்ணாக்கும் வைத்திருந்தாலும், மேலே கட்டித் தொங்கவிட்ட தழையை அது எக்கி எக்கிக் கடிக்கும். வேலந்துளிர் ஒன்றை நாம் மென்று பார்த்தால் நாக்கு சுருங்கிவிடும். அவ்வளவு துவர்ப்பு! நமக்குப் பிடிக்காத இத்துவர்ப்பு ஆட்டுக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா? இதற்கு விடை காண ஆட்டின் வயிற்றுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

முதலில் உண்பது யார்?

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறையான பெருவயிறு ஒரு நொதித்தல் தொட்டி. அங்கு வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். அதிலுள்ள சாற்றில் ஒரு மில்லிலிட்டரில் மட்டும் சுமார் 1000 கோடி பாக்டீரியங்கள் வாழ்கின்றன. தழையிலும் தட்டையிலும் உள்ள செல்லுலோசை ஆட்டால் தானாகச் செரிக்க இயலாது. இந்நுண்ணுயிர்களே அதனை உடைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. இவ்வமிலங்களே ஆட்டுக்கு ஆற்றல் தருபவை. பாலில் உள்ள கொழுப்பு உருவாக அசெட்டிக் அமிலம் முக்கிய மூலப்பொருள்.

ஆக, நாம் தீனி வைப்பது ஆட்டுக்கு. முதலில் உண்பவை நுண்ணுயிர்கள்! இதில் ஓர் இழப்பும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய கடலைப் புண்ணாக்கின் புரதத்தையும் அவை உடைத்து அம்மோனியாவாக்கி விடுகின்றன. அவை பயன்படுத்தியது போக மிஞ்சிய அம்மோனியா, கல்லீரலில் யூரியாவாக மாறிப் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுகிறது. புண்ணாக்குக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி இப்படிச் சாணமும் ஆகாமல், பாலும் ஆகாமல் போகிறது.

சிட்டிகை அளவில் ஒரு பொருள்

தீனியுடன் சிறிதளவு சேர்த்து, செரிமானத்தை நமக்கு வேண்டியபடி திருப்பும் பொருளைத் தீவனச் சேர்ப்பொருள் என்பர். பல நாடுகளில் இதற்காக ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தீனியில் கலந்து வந்தனர். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சத்தால், வளர்ச்சிக்காக அவற்றைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல் முற்றிலும் தடை செய்தது. இத்தகைய அச்சத்தால் ஆய்வாளர் பார்வை தாவரங்களின் மீது மேலும் திரும்பியது. பூண்டு போன்றவற்றின் மண எண்ணெய்கள், பூந்திக்கொட்டையில் நுரை எழுப்பும் சப்போனின், தழைகளில் துவர்க்கும் டானின் ஆகியவை ஆராயப்பட்டன. நம் கதைக்கு உரியது டானின்.

நீங்களே செய்து பாருங்கள்

அரை டம்ளர் நீரில் சிறிது உப்புப் போட்டு, ஒரு கரண்டி முட்டை வெண்கருவைக் கலந்து துணியில் வடிகட்டுங்கள். கடுக்காய்த் தூளைத் தனியே நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்நீரை இதில் ஊற்றுங்கள். கரைசல் கலங்கி, திப்பி திப்பியாகப் படியும். கடுக்காயிலுள்ள டானின், வெண்கருவின் புரதத்தைப் பற்றிக்கொண்டதே காரணம். ஆவாரம்பட்டை பச்சைத் தோலைப் பதனிடுவதும், வேலந்துளிர் நாக்கைச் சுருக்குவதும் இதே வினையால்தான்.

பெருவயிற்றிலும் இதுவே நிகழ்கிறது. அங்குள்ள மிதமான அமில நிலையில் டானின் புரதத்தைப் பற்றி, நுண்ணுயிர்கள் அதை உடைக்காதபடி காக்கிறது. நான்காம் அறையில் அமிலம் மிகக் கடுமையானது. அங்கே பிடி தளர்கிறது. விடுபட்ட புரதம் செரித்து, குடலில் ஆட்டுக்கே கிடைக்கிறது. பால் சுரப்பதற்கு இது பேருதவி.

இரத்தம் குடிக்கும் புழு

அதே நான்காம் அறையில்தான் வெள்ளாட்டின் கொடிய பகைவனும் வாழ்கிறது. ஹீமான்கஸ் என்னும் இப்புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்யும். அற்ப அளவுதானே என்று எண்ணாதீர்கள். 2000 புழுக்கள் இருந்தால் நாளுக்கு 100 மில்லிலிட்டர்! 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் இருப்பதோ ஏறத்தாழ 1¾ லிட்டர் இரத்தமே. ஆட்டின் கீழ் இமையின் உட்புறம் வெளிறும், தாடைக்கடியில் வீங்கும், பால் வற்றும், இறுதியில் ஆடே இறக்கும். ஓர் ஆட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பேரிழப்பு.

குடற்புழு மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு அசையாத புழுக்கள் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் தோன்றிவிட்டன. டானின் மிகுந்த தழையைத் தின்னும் ஆடுகளின் சாணத்தில் புழுமுட்டைகள் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. டானின் புழுவை நேராகவும் தாக்குகிறது. கூடுதல் புரதம் கிடைப்பதால் ஆட்டின் எதிர்ப்பாற்றலும் கூடுகிறது. எனினும் இது மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று. இமை வெளிறிய ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அளவுக்கு மிஞ்சினால்

தீனியின் உலர் எடையில் டானின் 2 முதல் 4 விழுக்காடு இருப்பது நலம் என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு 1 கிலோ உலர் தீனி தின்னும் ஆட்டுக்கு இது 20 முதல் 40 கிராம். 5 விழுக்காட்டைத் தாண்டினால் தீனி செரிக்காது. ஆடும் தின்ன மறுக்கும்.

தழைக்குத் தழை வேதிப்பொருளும் வேறு. நம் வரப்புகளில் வளரும் சூபாபுல் தழையில் புரதம் மிகுதி. கூடவே மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இத்தழையை மிகுதியாகத் தின்ற கால்நடைகளுக்கு முடி உதிர்ந்து, தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன! ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் காரணத்தைத் தேடினார். வேறுபாடு ஆட்டில் இல்லை. பெருவயிற்று நுண்ணுயிரில் இருந்தது. 1980களில் ஹவாய் ஆடுகளின் நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் செலுத்தியபோது அவையும் நஞ்சை வென்றன. அப்பாக்டீரியத்துக்கு 1992இல் அவர் பெயராலேயே சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிடப்பட்டது. இந்நுண்ணுயிர் இல்லாத ஆட்டுக்கு ஆபத்து என்பதால், சூபாபுல் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று அறிவுறுத்துவர்.

கொறங்காடு கற்பிப்பது

திருச்சி சாலையில் பல்லடம் கடந்து காங்கேயம் பக்கம் சென்றால், கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளைக் காணலாம். கீழே கொழுக்கட்டைப் புல்; மேலே வெள்வேல மரங்கள். அங்கே கால்நடைகள் புல்லை மேயும்; உதிரும் வேலங்காய்களையும் தின்னும். புல், தழை, காய் என்று எல்லாம் கலந்து கிடைப்பதால் எந்த ஒரு பொருளும் மிகுவதில்லை. அளவு பார்க்கத் தராசு இல்லாத காலத்தில் மேய்ச்சல் நிலமே அளந்து கொடுத்தது.

தெருவில் கட்டிய ஆட்டுக்கு அவ்வசதி இல்லை. அதற்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். அடுத்த முறை ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது ஒரே மரத்தில் ஒடிக்காமல் இரண்டு மூன்று மரங்களில் ஒடியுங்கள். உள்ளே 1000 கோடிக் கணக்கில் காத்திருக்கும் விருந்தாளிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்!