ஷிம்: இடைவெளியை அளந்து நிரப்பும் தகடு

கட்டடங்களிலும் இயந்திரங்களிலும் இடம்பெறும் எந்தப் பாகமும் வரைபடத்தில் குறித்த அளவுக்கு இம்மியும் பிசகாமல் அமைவதில்லை. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் எல்லை வகுக்கப்பட்டு, அதற்குள் அடங்கும் பாகங்கள் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. பல பாகங்கள் ஒன்றோடொன்று சேரும்போது, ஒவ்வொன்றிலும் இருக்கும் சிறு வேறுபாடுகள் கூடி, கடைசியில் பொருந்த வேண்டிய இடத்தில் இடைவெளியாகவோ சாய்வாகவோ வெளிப்படக்கூடும். எல்லாப் பாகங்களையும் மேலும் நுட்பமாகச் செய்வதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் என்பதால், சேர்ந்துவிட்ட வேறுபாடு முழுவதையும் ஓரிடத்தில் அளந்து, அதே தடிமனுள்ள மெல்லிய துண்டு ஒன்றை அங்கே செருகிச் சரிசெய்யும் முறை வழக்கில் உள்ளது. அந்தத் துண்டுக்கு ஷிம் என்று பெயர். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த ஆப்பு வடிவம், எங்கும் ஒரே தடிமனுள்ள தகடு வடிவம் என அது இரு வகைப்படும். முன்னது பெரும்பாலும் மரவேலைக்கும் பின்னது இயந்திரவேலைக்கும் உரியவை.

ஆப்பு வடிவ ஷிம் பயன்படும் முறையை அமெரிக்காவின் மரச்சட்ட வீடுகளில் தெளிவாகக் காணலாம். அங்கே கதவு பெரும்பாலும் நிலையோடும் கீலோடும் பூட்டப்பட்டே வந்துசேர்வதால், சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே விடப்படும் திறப்பு நிலையைவிடச் சற்று அகலமாக அமைக்கப்பட்டு, எஞ்சும் இடைவெளி சிடார் முதலிய மென்மரங்களில் சீவிய ஆப்புகளால் நிரப்பப்படுகிறது. ஓர் ஆப்பை மட்டும் செருகினால் அதன் சரிவான முகம் நிலைக்காலை முறுக்கிவிடும் என்பதால், இரண்டு ஆப்புகள் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செருகப்படுகின்றன. ஒன்றின் தடித்த பகுதி மற்றதன் மெலிந்த பகுதியோடு சேர்வதால், இரண்டின் கூட்டுத்தடிமன் எங்கும் சமமாகி, இரு முகங்களும் இணையாக நிற்கின்றன. 200 மி.மீ. நீளத்தில் 6 மி.மீ. தடிக்கும் ஆப்பை 10 மி.மீ. உள்ளே தட்டினால் இடைவெளி 0.3 மி.மீ. மட்டுமே நிரம்புகிறது; எனவே சுத்தியலால் தட்டியே மில்லிமீட்டரின் பின்ன அளவுக்கு நிலையை நகர்த்த முடிகிறது. கதவின் பாரம் முழுவதையும் கீல்கள் தாங்குவதால் கீல் பக்க நிலைக்கால் முதலில் ரசமட்டத்தாலோ தூக்குக்குண்டாலோ செங்குத்தாக்கப்பட்டு, ஒவ்வொரு கீலுக்கும் பின்னால் ஆப்புகள் வைக்கப்பட்டு, அவற்றை ஊடுருவி ஆணியோ திருகோ இறக்கப்படுகிறது.

நாள்பட்டுத் தொங்கிய கதவையும் இதே வழியில் திருத்தலாம். பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையில் உரசும்போது, கீழ்க்கீலின் இதழுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்றை வைத்தால், கதவின் அடிப்பகுதி வெளியே தள்ளப்பட்டு, கதவு முழுவதும் மேல்கீலை மையமாகக் கொண்டு சிறிது திரும்புகிறது. கீல்களுக்கிடையே 1.5 மீட்டர் தூரமும் கதவுக்கு 900 மி.மீ. அகலமும் இருந்தால், 1 மி.மீ. தடிமனுள்ள தகடு பூட்டுப் பக்கத்தை ஏறத்தாழ 0.6 மி.மீ. உயர்த்தும்.

இயந்திரங்களில் இதே கணக்கு இன்னும் நுண்ணிய அளவுகளில் நடைபெறுகிறது. ஒரு பம்பையும் அதைச் சுழற்றும் மோட்டாரையும் கப்ளிங் எனப்படும் இணைப்பு சேர்க்கிறது. இரண்டின் தண்டுகளும் ஒரே கோட்டில் அமையாவிட்டால் அதிர்வு மிகுந்து, பேரிங்குகளும் நீர்க்கசிவைத் தடுக்கும் சீல்களும் விரைவில் தேய்கின்றன. பம்போடு குழாய்கள் பிணைந்திருப்பதால் பொதுவாக மோட்டாரே நகர்த்தப்படுகிறது. அதற்குமுன் மோட்டாரின் நான்கு கால்களும் பீடத்தில் சமமாகப் படிகின்றனவா என்பது சோதிக்கப்பட வேண்டும். ஒரு கால் படியாத நிலையில் போல்ட்டை இறுக்கினால் மோட்டாரின் உடலே வளைந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, அந்தக் கால் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜால் அளந்து, 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் அதற்குத் தக்க தகட்டைச் செருகுவது பரவலான நடைமுறையாகும். போல்ட்டை முழுவதும் கழற்றாமலேயே நுழைக்க வசதியாக இத்தகடுகளின் நடுவே ஒரு பிளவு வெட்டப்பட்டிருக்கும்.

அடுத்துத் தண்டுகளின் சாய்வு கணக்கிடப்படுகிறது. 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்கின் இரு முகங்களுக்கிடையே, கீழே இருப்பதைவிட மேலே 0.10 மி.மீ. கூடுதல் இடைவெளி இருந்தால், மோட்டாரின் தண்டு முன்பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று பொருள். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே 400 மி.மீ. தூரம் இருப்பின், அந்த விகிதத்தின்படி பின்கால்களுக்கு அடியில் 0.40 மி.மீ. தகடு சேர்த்தால் சாய்வு நீங்கும். வெப்பத்தையும் கருத வேண்டும்: அடிப்பீடத்திலிருந்து தண்டுவரை 500 மி.மீ. உயரமுள்ள எஃகு உடல் 40 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.24 மி.மீ. வளரும் என்பதால், குளிர்ந்த நிலையிலேயே அந்த வளர்ச்சிக்கு இடம்விட்டுத் தகடுகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

வால்வு இடைவெளியை ஷிம்களால் சரிசெய்யும் எஞ்சின்களில் கணக்கு இன்னும் எளிது. பழைய தகட்டின் தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, இருக்க வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புதிய தகட்டின் தடிமன் கிடைக்கும்: 2.50 மி.மீ. தகடு இருக்கும் இடத்தில் 0.20 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 0.15 மி.மீ. ஆகக் குறைந்திருந்தால், 2.45 மி.மீ. தகடே தேவைப்படும்.

ஷிம் இடைவெளியை அடைப்பதோடு நில்லாமல் பாரத்தையும் தாங்குவதால், அதன் பொருளும் அடுக்கும் முறையும் முக்கியமானவை. மரம் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். சாதாரண எஃகு துருவேறித் தடிக்கும். ஆகவே இயந்திரங்களின் அடியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் விரும்பப்படுகின்றன. பல மெல்லிய தகடுகளை அடுக்கினால் அடுக்கு வில்போல் அமுங்கி எழும் என்பதால், மூன்று நான்கு தகடுகளுக்கு மேற்படாமல், மெல்லியவற்றைத் தடித்தவற்றுக்கு நடுவே வைத்து, பிசிறும் அழுக்கும் இன்றிக் காலின் பரப்பு முழுவதையும் தாங்குமாறு அமைக்க வேண்டும்.

இந்தக் கவனம் தவறினால் நேர்வதற்குப் போயிங் 787 விமானம் சான்றாகும். கார்பன் இழைக் கலவையால் ஆன அதன் உடற்பகுதிகள் சேரும் இடத்தில், 0.13 மி.மீ. அளவைத் தாண்டும் இடைவெளி ஷிம்களால் நிரப்பப்பட வேண்டும் என்பது விதி. 2020 ஆகஸ்டில், பின் உடற்பகுதியின் இணைப்பில் அளவு பொருந்தாத ஷிம்களும் உட்புறப் பரப்பின் சமமின்மையும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது தெரியவந்ததால், 8 விமானங்கள் சேவையிலிருந்து விலக்கப்பட்டன.

வளைந்த பீடத்தையோ பலமிழந்த அடித்தளத்தையோ எந்தத் தகடும் குணப்படுத்தாது; ஆனால் அவற்றின் நிலையை அது காட்டிக்கொடுக்கும். எந்தக் காலுக்கு அடியில் எவ்வளவு தடிமன் வைக்கப்பட்டது என்பதைப் பராமரிப்பு ஏட்டில் குறித்துவைத்தால், மோட்டாரைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது வேலை எளிதாவதோடு, ஒரே காலுக்கு ஆண்டுதோறும் கூடுதல் தகடு தேவைப்படுவதிலிருந்து அந்த மூலையில் அடித்தளம் இறங்கி வருவதையும் காலத்தே அறிந்து, சேதம் முற்றுமுன் பழுதுபார்க்க முடியும்.