விசா விண்ணப்பத்தின்போது நோயை மறைக்க வேண்டுமா?

வெளிநாட்டில் வாழும் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கும்போதும், பேரக்குழந்தைகளுடன் சில மாதங்கள் தங்கிவர விரும்பும்போதும் மூத்தோர் பலர் விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கின்றனர். அவர்களுள் சிலர் எங்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைப்பதுண்டு: "உடல்நலம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் டாக்டர். சர்க்கரையையும் ஸ்டென்ட்டையும் குறிப்பிட வேண்டாம்."

நோய் இருப்பது தெரிந்தால் விசா மறுக்கப்படும் என்ற அச்சமே இதற்குக் காரணம். இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஆனால், நோயை மறைப்பதால் வரும் இடர் மெய்யானது. ஆகவே, அத்தகைய சான்றிதழை நாங்கள் தருவதில்லை.

விதிகள் கூறுவது என்ன?

விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் தொற்றுநோய் உண்டா என்று வினவுகிறது. சர்க்கரை நோயையோ உயர் இரத்த அழுத்தத்தையோ பற்றி வினவுவதில்லை. பயணம் முடிந்து விண்ணப்பதாரர் தாயகம் திரும்புவாரா என்பதையே நேர்காணலில் முதன்மையாகக் கருதுகின்றனர்.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா வழங்கும் சூப்பர் விசாவுக்கு, அந்நாடு அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆஸ்திரேலியா, 75 வயதும் அதற்கு மேலும் உள்ள விசிட்டர் விசா விண்ணப்பதாரரிடம் மருத்துவப் பரிசோதனை கோருகிறது. ஷெங்கன் நாடுகளுக்குக் குறைந்தது 30,000 யூரோ பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை நோய் மட்டுமே விசா மறுப்புக்குப் பொதுவாகக் காரணமாவதில்லை. மாறாக, பொய்த் தகவல் அளித்தமை வெளிப்பட்டால் கனடா 5 ஆண்டுகள் நுழைவுத் தடை விதிக்கலாம். பரிசோதனையில் எண்கள் நன்றாக வரவேண்டும் என்று உணவைக் குறைப்பதும், மாத்திரைகளைத் தாமாகக் கூட்டுவதும் தாழ் சர்க்கரை மயக்கத்தில் முடியலாம்.

காப்பீடே பெரிய கேள்வி

விசா என்பது நுழைவதற்கான அனுமதி. சிகிச்சைச் செலவுக்கான பொறுப்பு அன்று. அமெரிக்க விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் பலர் அதை எடுக்காமலேயே புறப்படுகின்றனர். அங்கு நெஞ்சுவலியுடன் ஓரிரவு மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும் பிள்ளைகளின் சேமிப்பு கரைந்துவிடக்கூடும்.

காப்பீடு எடுப்போரும் ஒன்றை விசாரிக்க வேண்டும். முன்பே உள்ள நோய்களைப் பல திட்டங்கள் விலக்குகின்றன. வேறு சில, திடீர் அவசரநிலைக்கு மட்டும், ஒரு வரம்புக்குள் பணம் தருகின்றன. பணம் கட்டுவதற்கு முன், "எனக்கு இதய நோய் உண்டு, அங்கே மாரடைப்பு வந்தால் எவ்வளவு தருவீர்கள்?" என்று நேராகக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். நோயை மறைத்து எடுத்த காப்பீட்டில், நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று இழப்பீட்டை மறுக்கலாம்.

நாங்கள் தரக்கூடியது

நோய் விவரம், செய்துகொண்ட சிகிச்சைகள், ஒவ்வாமை, பயணம் செய்யத் தகுதி ஆகியவற்றைக் கூறும் ஆங்கிலக் கடிதம் ஒன்றைத் தருகிறோம். அதில் மருந்துகளின் வேதிப்பெயரும் அளவும் இடம்பெறும்; இங்குள்ள வணிகப் பெயர்கள் அங்குள்ள மருத்துவருக்குப் புரியாமல் போகலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் அதன் அறிக்கையையும் கடைசி இ.சி.ஜி. நகலையும் உடன் வைத்திருத்தல் நலம்.

தங்கும் காலம் முழுமைக்கும் மருந்து கொண்டுசெல்ல இயலுமா என்பதை அந்நாட்டு விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிராமடால், கோடீன் போன்ற வலிநிவாரணிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்னனுமதி தேவை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துச் செல்லாதீர்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பகுதியில் அது உறைந்து பயனற்றுப் போகலாம்.

எப்போது வர வேண்டும்?

பயணச்சீட்டு எடுத்த பிறகு வருவோரே மிகுதி. விண்ணப்பிப்பதற்கு முன்பே, இயன்றால் பயணத்திற்கு மூன்று மாதங்களுக்கு முன், வாருங்கள். அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ நேர்ந்திருந்தால் எப்போது பறக்கலாம் என்பதை முடிவுசெய்யவும், மருந்துகளைச் சீராக்கவும் அந்த அவகாசம் உதவும். சிலரிடம் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லவும் நேரும். அது பிள்ளைகளைப் பார்க்க விடாமல் தடுப்பதற்காக அன்று. சென்றவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே.

வரும்போது கடவுச்சீட்டின் நகல், பழைய அறிக்கைகள், இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகள், காப்பீட்டுத் திட்டத்தின் விதிமுறைத் தாள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் உள்ள மகனோ மகளோ தொலைபேசி வழியாக அந்த ஆலோசனையில் கலந்துகொள்ளலாம். அவசரம் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்போகிறவர்கள் அவர்கள்தாம்.