சான்றிதழ் எல்லை தாண்டும், உதவித்தொகை தாண்டுமா?

தருமபுரியிலோ திருநெல்வேலியிலோ வாங்கிய மாற்றுத் திறனாளி சான்றிதழ் பெங்களூரில் செல்லுமா? பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்துள்ள தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. செல்லும் என்பதே சட்டத்தின் பதில். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி அமலுக்கு வந்தது. எந்த மாநிலத்தில் பெற்ற சான்றிதழானாலும் அது நாடு முழுவதும் செல்லுபடியாகும் என்று அதன் 58-ஆவது பிரிவு ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. புதிய சட்டத்தில் 21. அரசு வேலைகளில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாயிற்று. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத இடங்கள் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமை இருக்கிறது. பிள்ளை எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று சட்டம் கேட்கவில்லை.

சிக்கல் எங்கே?

மாத உதவித்தொகை, பஸ் பாஸ், பராமரிப்புத் தொகை ஆகியவற்றில்தான் சிக்கல். இவற்றை வழங்குபவை மாநில அரசுகள். தத்தம் மாநிலவாசிகளுக்கே அவை வழங்குகின்றன. இருப்பிடச் சான்று கொண்டு வா, ரேஷன் கார்டு கொண்டு வா என்ற பேச்சு அங்கே தொடங்கிவிடுகிறது. சான்றிதழ் செல்லும்; அதைக் கொண்டு பெற வேண்டிய பணம் வராது.

இதற்கு வேர் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 9-ஆவது இனம், உடல் ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதோருக்கும் நிவாரணம் அளிப்பதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருக்கிறது. அப்படியானால் தில்லி எப்படிச் சட்டம் இயற்றியது? ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. சர்வதேச உடன்படிக்கைகளை நிறைவேற்ற எந்தப் பொருள் பற்றியும் சட்டமியற்ற 253-ஆவது ஷரத்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆக, உரிமை தில்லியிலிருந்து வருகிறது. பணம் பெரும்பாலும் மாநிலக் கஜானாவிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

மத்திய அரசு தன் பங்காகத் தரும் ஓய்வூதியமும் இதற்கு விலக்கல்ல. 80 சதவீதக் குறைபாடும் வறுமைக் கோட்டுப் பட்டியலில் இடமும் இருந்தால்தான் அது கிடைக்கும். பட்டியலோ சொந்த ஊரில். தொகை 2012-இல் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெயர் சூட்டுவதில் மட்டும் அரசுகளுக்குக் குறைவில்லை. ஊனமுற்றோர் சென்னையில் மாற்றுத் திறனாளி ஆனார். தில்லியில் ‘திவ்யாங்’ ஆனார்.

கட்டட வேலைக்கு வந்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து காலை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரேஷன் கார்டு தருமபுரியில். சான்றிதழுக்காக அவர் ஊருக்கு ஓட வேண்டியதில்லை; சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலேயே விண்ணப்பிக்க 2017-ஆம் ஆண்டு விதிகள் வழி செய்துள்ளன. இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் மாத உதவிக்கு அவர் கர்நாடகவாசியாக வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும்.

ரேஷன் விஷயத்தில் இந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் 2022-இல் எல்லா மாநிலங்களுக்கும் பரவியதால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தருமபுரி அட்டையைக் கொண்டு பெங்களூரில் அரிசி வாங்கலாம். அரிசிக்கு முடிந்தது ஓய்வூதியத்துக்கு ஏன் முடியாது? நாடு முழுவதற்கும் ஒரே எண் கொண்ட தனி அடையாள அட்டை மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்கெனவே வழங்கப்படுகிறது. குறைந்தபட்சம் மத்திய அரசின் பங்கையாவது அந்த எண்ணைப் பின்தொடர்ந்து செல்லச் செய்யலாம்.

வெளிமாநிலச் சான்றிதழ் என்று சொல்லி எந்த அலுவலகமாவது திருப்பி அனுப்பினால் சும்மா திரும்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென உள்ள ஆணையரிடம் முறையிடலாம். அவருக்கு விசாரணையில் சிவில் கோர்ட்டின் அதிகாரங்கள் உண்டு. அவருடைய பரிந்துரையை ஏற்க மறுக்கும் அலுவலகம் 3 மாதத்துக்குள் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும்.