சிறு டிராக்டரில் லோடர்: வாங்குமுன் கவனிக்க

ஜோலார்பேட்டை வட்டாரத் தென்னை விவசாயிகள், எரு வாரவும் மண் அள்ளவும் முன்புறம் லோடர் பொருத்திய சிறு டிராக்டர் வாங்க எண்ணினால், குதிரைத்திறனை மட்டும் பார்த்து விலை பேச வேண்டாம். ஒரு கன அடி ஈரமண் சுமார் 50 கிலோ. ஐந்து கன அடிப் பக்கெட் நிறைந்தால் 250 கிலோ. பக்கெட்டின் எடை வேறு. இத்தனையும் முன் அச்சில் இறங்க, பின்சக்கரங்கள் லேசாகிப் பிடிப்பை இழக்கும். எனவே நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியே ஏற்றது. தயாரிப்பாளர் அனுமதித்த லோடரையே பொருத்தவும். பின்னால் எடை கட்டாயம். சுழற்கலப்பையை மாட்டினாலும் போதும். ஏலகிரி அடிவாரச் சரிவுகளில் சுமையுடன் இறங்குகையில் பக்கெட்டைத் தாழ்த்தி, பின்னோக்கியே இறங்கவும். ஆண்டுக்குப் பத்து நாள் வேலைதான் என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகை இயந்திரத்தை முதலில் விசாரிக்கலாம்.